மின்கிட்டாரின் வரலாறு – 12: ஒலி உடையும் இடம்

கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் ஓசையை வின்டேஜ், மாடர்ன் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். முன்னதற்கு 1950களின் ஃபெண்டர் டீலக்ஸையும், பின்னதற்கு 1992இல் வந்த பீவி 5150ஐயும் எடுத்துக்கொண்டால் பிரிவு துலக்கமாகத் தெரியும். இரண்டிலும் வேலை செய்பவை வால்வுகள்தான். இரண்டிலும் ஒலி சிதைகிறது. அந்தச் சிதைவைத்தான் கிட்டார் கலைஞர்கள் விரும்பித் தேடுகிறார்கள். டிஸ்டார்ஷன் மிகுந்தால் புதியது, குறைந்தால் பழையது என்று சொல்வது பாதி உண்மைதான். டீலக்ஸின் வால்யூமைக் கடைசிவரை திருப்பினால் அதுவும் கரகரத்து அலறும். கிட்டாரிலிருந்து ஸ்பீக்கர் வரை உள்ள பாதையில் ஒலி எந்தக் கட்டத்தில் உடைகிறது, உடைவதற்கு முன் அதிலிருந்து எது கழிக்கப்படுகிறது, உடைந்த பிறகு எது சேர்க்கப்படுகிறது என்ற வரிசைதான் இரண்டையும் வேறாக்குகிறது. அந்த வரிசை முழுதாக மாறி முடிய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு பகுதிகள் உண்டு. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் படிப்படியாகப் பெருக்குவது ப்ரீஆம்ப். அப்படிப் பெருகிய சிக்னலுக்கு ஸ்பீக்கரை அசைக்கும் வலுவைத் தருவது பவர் ஆம்ப். எந்த வால்வுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தாண்டிய சிக்னல் வந்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். வெட்டுப்பட்ட அலையில் மூலச் சுரத்தோடு அதன் மடங்கான மேல் அதிர்வெண்களும் முளைக்கும். காதுக்கு அது தடிப்பாகவும் நீடித்து ஒலிப்பதாகவும் படும். தந்தியை மெல்ல மீட்டும்போது தெளிவாகவும் அழுத்தி மீட்டும்போது பிசிறோடும் ஒலிக்க வைப்பது இந்த எல்லைதான்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டரின் தொழிற்சாலை 1955 முதல் 1960 வரை தயாரித்த டீலக்ஸின் சுற்றுக்கு 5ஈ3 என்று பெயர். இரண்டு 6வி6 பவர் வால்வுகள், ஏறக்குறைய 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. கிட்டார் கலைஞர் நீல் யங் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவருவது இந்த வகைதான். இதில் வால்யூமை ஏற்றும்போது ப்ரீஆம்ப் ஓரளவு உடைகிறது. கூடவே பவர் வால்வுகளும் எல்லையைத் தொட்டுவிடுகின்றன. அதற்குமேல் ஒரு வேலையைச் செய்வது ரெக்டிஃபையர். வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் வேலைக்கு இதில் 5ஒய்3 என்ற வால்வு இருக்கிறது. அதிக மின்னோட்டம் கேட்டால் அது தன்னிடத்திலேயே சில பத்து வோல்ட்டுகளை இழந்துவிடும். மின்னோட்டத்தைச் சீராக்கித் தேக்கிவைக்கும் மின்தேக்கிகளும் 16 மைக்ரோஃபாரட் மட்டுமே, கையிருப்பு குறைவு. தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கி மீள்வதுபோல, தந்தியை ஓங்கி மீட்டிய அந்தக் கணத்தில் ஆம்ப்ளிஃபயரின் மின்னழுத்தம் தொய்ந்து மெல்ல நிமிர்கிறது. சுரத்தின் முதல் அடி அமுங்கி, அதன் பிறகு உடல் பருத்து எழுகிறது. ஆங்கிலத்தில் ‘சாக்’ எனப்படும் இந்தத் தொய்வுதான் பழைய ஓசையின் உயிர்நாடி. கருவி வாசிப்பவரின் விரலுக்கு வளைந்துகொடுப்பதாகத் தோன்றுவது இதனால்தான்.

அதே டீலக்ஸில் கிட்டாரின் தடித்த தந்தியை வேகமாக மீட்டினால் குறையும் வெளிப்படும். சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழையும். ஒரு வால்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இணைப்பு மின்தேக்கிகள் 0.1 மைக்ரோஃபாரட். அவை கீழ்ச்சுரங்களை அப்படியே உள்ளே விடுகின்றன. வலுவான கீழ்ச்சுரம் வந்து அடுத்த வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட் மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கினால் அந்த மின்தேக்கியில் மின்னேற்றம் சேர்ந்துவிடும். அது வடிந்து முடியும்வரை வால்வு ஏறத்தாழ ஊமையாகிவிடும். ப்ளூஸ் இசைக்கும் கன்ட்ரி இசைக்கும் இது பெரிய தடையாக இல்லை. பின்னால் வந்த இசைக்கு இதுவே முதல் எதிரி.

ஃபெண்டரின் நோக்கமோ வேறு. ஒலி உடைவதை லியோ ஃபெண்டர் குறைபாடாகவே கருதினார். ஆண்டுக்கு ஆண்டு அதைக் குறைக்கவே முயன்றார். 1963இல் வந்த ட்வின் ரிவெர்ப் 85 வாட் திறனோடு, பெரிய அரங்கிலும் தெளிவு கெடாமல் ஒலித்தது. இங்கிலாந்தில் வாக்ஸ் நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்த ஏசி30 இன்னொரு பாதையில் போனது. நான்கு ஈஎல்84 வால்வுகள் கொண்ட அதில், வெளியீட்டின் ஒரு பங்கைத் திருப்பியனுப்பிப் பிழையைச் சரிசெய்யும் எதிர்ப் பின்னூட்டம் கிடையாது. அதனால் அது தெளிவிலிருந்து கரகரப்புக்குப் படிப்படியாக வழுக்கிச் செல்லும். பீட்டில்ஸின் தொடக்க ஆண்டுகளில் கேட்கும் மணியோசை அந்த ஆம்ப்ளிஃபயருடையது.

வரலாற்றின் திருப்பம் மேற்கு லண்டனில் ஹான்வெல் பகுதியிலிருந்த ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையில் நடந்தது. 1962இல் மார்ஷலும் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரும் ஃபெண்டர் பேஸ்மனின் 5எஃப்6-ஏ சுற்றை எடுத்துக்கொண்டு ஜேடிஎம்45ஐ உருவாக்கினார்கள். வரைபடத்தைப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பேஸ்மனின் முதல் கட்டத்தில் இருந்த 12ஏஒய்7 வால்வுக்குப் பதில் ஈசிசி83 வந்தது. அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்று அழைக்கும் இந்த வால்வின் பெருக்கக் காரணி 100. முன்னதற்கு அதில் பாதிகூட இல்லை. பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் இருந்த இடத்தில், பின்புறம் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் வந்தன. இந்த இரண்டு மாற்றங்களாலேயே ஓசைக்கு முரட்டுத்தனம் கூடியது.

அடுத்த சில ஆண்டுகளில் மார்ஷல் சுற்றில் மெல்ல நுழைந்த சிறு மாற்றங்கள் அதைவிட முக்கியமானவை. பீட் டவுன்ஷெண்ட் போன்ற கிட்டார் கலைஞர்கள் இன்னும் உரத்த ஓசை கேட்க, 1965இல் 100 வாட் மாதிரி பிறந்தது. பின்னர் 1959 என்ற மாதிரி எண்ணோடு சூப்பர் லீட் என்று பெயர் பெற்ற அந்த வரிசையில் ரெக்டிஃபையர் வால்வு போய் சிலிக்கான் டையோடு வந்தது, தொய்வு குறைந்தது. பவர் வால்வுகளாக ஈஎல்34 வந்தது. முதல் வால்வின் எதிர்மின் முனையான கேத்தோடில் இருந்த பெரிய மின்தேக்கி நீக்கப்பட்டு 0.68 மைக்ரோஃபாரட் மட்டும் வைக்கப்பட்டது. இதனால் கீழ்ச்சுரங்கள் முதல் கட்டத்திலேயே குறைந்த பெருக்கத்தையும், நடு, மேல் சுரங்கள் முழுப் பெருக்கத்தையும் பெற்றன. உடைவதற்கு முன் கீழ்ச்சுரத்தைக் கழித்துவிடும் வழக்கம் இங்கே வேர்விட்டது. மாடர்ன் ஓசையின் முதல் விதையை ஹெவி மெட்டல் என்ற பெயர் பரவும் முன்பே, இந்தச் சின்ன மின்தேக்கியில் காண முடிகிறது.

ஆனாலும் 1960களின் மார்ஷல் பழைய முறையையே சார்ந்திருந்தது. ஒலி உடைய வேண்டுமென்றால் பவர் வால்வுகளை எல்லைவரை தள்ள வேண்டும்; 100 வாட்டில் அதைச் செய்தால் சிறிய அரங்கில் யாரும் நிற்க முடியாது. 1978இல் வெளியான வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பத்தில் எடி வான் ஹேலன் வாசித்தது சூப்பர் லீட்தான். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மின்சாரத்தையே வேரியாக் கருவியால் குறைத்து, எல்லாக் குமிழ்களையும் முழுக்கத் திருப்பி அவர் அந்த ஓசையைப் பெற்றார். பழைய முறையின் உச்சம் அந்த ஆல்பம் என்று கொள்வதில் தவறில்லை.

மாற்றுவழி கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. ரேண்டால் ஸ்மித் என்ற பழுதுபார்ப்பவர் ஃபெண்டரின் சின்னஞ்சிறு பிரின்ஸ்டன் பெட்டிக்குள் பேஸ்மனின் டிரான்ஸ்பார்மர்களையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் திணித்துக் கொடுத்தார். கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானா அதை வாசித்து வியந்து சொன்ன சொல்லிலிருந்து பூகி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1970களின் தொடக்கத்தில் மெசா பூகி மார்க் 1இல் ஸ்மித் ப்ரீஆம்பில் இன்னொரு பெருக்கக் கட்டத்தைக் கூட்டினார். ஒலியைப் பவர் ஆம்புக்கு எட்டும் முன்பே உடைத்து, அதன் உரப்பைத் தனிக் குமிழால் அடக்கும் வழி பிறந்தது. 1975இல் மார்ஷலும் 2203 மாதிரியில் மாஸ்டர் வால்யூம் என்ற அந்தக் குமிழை வைத்தது. தனித்தனிச் சேனல்களுக்கென்று இருந்த இரண்டு முதல் கட்டங்களை அது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தது. 1981 முதல் ஜேசிஎம்800 என்ற பெயரில் விற்றதும் இதே சுற்றுதான்.

தொடுப்பதால் என்ன நடக்கிறது என்பதற்குக் கணக்கு எளிது. பிக்கப்பிலிருந்து 0.1 வோல்ட் வருவதாகக் கொள்ளலாம். ஈசிசி83இன் ஒரு கட்டம் நடைமுறையில் சுமார் 60 மடங்கு பெருக்கும். 6 வோல்ட் ஆகிவிடும். அடுத்த கட்டத்தின் கிரிட் தாங்குவது ஏறக்குறைய ஒன்றரை வோல்ட்தான். நடுவில் உள்ள கெயின் குமிழ் குறுக்கிட்டுக் குறைக்காவிட்டால் இரண்டாம் வால்வே அலையை வெட்டத் தொடங்கிவிடும். வெட்டுப்பட்டதை மூன்றாம் வால்வு இன்னும் வெட்டும். அதற்குப் பின் மாஸ்டர் வால்யூமைக் குறைத்தாலும் டிஸ்டார்ஷன் அப்படியே இருக்கும். பவர் ஆம்ப் இப்போது உடைக்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டு, உடைந்ததைச் சிந்தாமல் பெரிதாக்கும் வேலையை ஏற்கிறது. இந்தப் பொறுப்பு மாற்றமே இரு காலங்களுக்கும் நடுவிலுள்ள கோடு.

2203இல் இன்னொரு நுட்பம் உண்டு. வழக்கமாக ஒன்றரை கிலோஓம் அளவிலிருக்கும் கேத்தோடு மின்தடை, இரண்டாம் கட்டத்தில் 10 கிலோஓமாக வைக்கப்பட்டது. அதனால் அந்த வால்வு அணைந்துபோகும் விளிம்புக்கு அருகிலேயே இயங்குகிறது. அலையின் ஒரு பாதி சட்டென்று கத்தரித்ததுபோல் வெட்டுப்படும். மறுபாதி வெகுநேரம் முழுமையாக இருக்கும். நறநறவென்று கடிக்கும் மார்ஷல் ஓசை பெரும்பாலும் இதிலிருந்து வருகிறது. 1987இல் மைக் சோல்டானோ வெளியிட்ட எஸ்எல்ஓ-100 இதே உத்தியை 39 கிலோஓம் வரை கொண்டுபோனது. அதன் பின் வந்த கனத்த ஓசை ஆம்ப்ளிஃபயர்களில் கணிசமானவை அந்தச் சுற்றின் வழித்தோன்றல்களே.

கீழ்ச்சுரத்தை முன்கூட்டிக் கழிப்பது ஏன் இவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது. இரண்டு சுரங்கள் சேர்ந்து சிதைவுக்குள் நுழைந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. ராக் கிட்டாரின் முதுகெலும்பான பவர் கார்டு சட்ஜமமும் பஞ்சமமும் மட்டுமே கொண்டது; விகிதம் 3:2. கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 123 ஹெர்ட்ஸ். வித்தியாசம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அது அதே சட்ஜமத்தின் ஒரு ஸ்தாயி கீழ். சிதைவு இங்கே இசைக்கு உதவியே செய்கிறது. இல்லாத ஒரு கீழ்ச்சட்ஜமத்தை வலுவாகக் கூட்டித் தருகிறது. பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் வித்தியாசம் 21 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கி, சுரமாகக் கேட்காமல் குமுறலாக மட்டும் விழும். சிதைவு கூடக் கூட இந்தப் பக்கவிளைவுகளும் பெருகும். மூன்று நான்கு கட்டங்களில் உடைக்கும் ஆம்ப்ளிஃபயருக்குள் முழுக் கீழ்ச்சுரத்தையும் விட்டால் அது மற்ற எல்லாச் சுரங்களையும் தன்னோடு இழுத்துச் சேறாக்கிவிடும். ஆகவே முதலில் கழிக்க வேண்டும். உடைத்து முடித்தபின் திருப்பித் தர வேண்டும்.

இதைக் காதால் அறிய 1986இல் வெளியான மெட்டாலிகா குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. கோபன்ஹேகனில் நடந்த ஒலிப்பதிவில் மெசா பூகி மார்க் 2சி+ பயன்பட்டது. மார்க் வரிசையில் பாஸ், மிடில், டிரெபிள் குமிழ்கள் ஃபெண்டரின் பழைய முறைப்படி முதல் வால்வை அடுத்து, டிஸ்டார்ஷனுக்கு முன்பே நிற்கின்றன. எனவே பாஸ் குமிழை ஒன்றுக்கோ இரண்டுக்கோ மேல் ஏற்றினால் ஒலி குழம்பிவிடும். ஏற்றாமல் விட்டாலோ சன்னமாகிவிடும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவை முன்பலகையில் உள்ள ஐந்து ஸ்லைடர்கள்: 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ். இந்த ஈக்வலைசர் சிதைவுக்குப் பின்னால் நிற்கிறது. 80ஐ மேலே தள்ளி, 750ஐக் கீழே இறக்கி, 6600ஐ மீண்டும் ஏற்றினால் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவம் கிடைக்கும். உள்ளங்கை ஓரத்தால் தந்திகளை அமுக்கி வேகமாக மீட்டும்போது ஒவ்வோர் அடியும் தனியாக இறங்கி, வயிற்றில் உறைக்கும்படி ஒலிப்பது இந்த வரிசையால்தான். டீலக்ஸில் அதே வாசிப்பு அடியும் அடியும் கலந்த ஒரே உறுமலாகிவிடும்.

மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியனில் இயங்கிய பீவி நிறுவனம் எடி வான் ஹேலனோடு சேர்ந்து 1992இல் வெளியிட்ட 5150, இந்த எல்லா முறைகளையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தது. ஐந்து 12ஏஎக்ஸ்7 வால்வுகள், நான்கு 6எல்6 பவர் வால்வுகள், 120 வாட். ரெக்டிஃபையர் சிலிக்கான், மின்தேக்கிகளின் கையிருப்பு டீலக்ஸைப்போலப் பல மடங்கு. எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் மின்னழுத்தம் தொய்வதில்லை என்பதால் சுரத்தின் முதல் அடி மழுங்காமல் வெளிவருகிறது. எதிர்ப் பின்னூட்டம் ஸ்பீக்கரின் அட்டைக் கூம்பை இழுத்துப் பிடித்து, மீட்டல் நின்றதும் அதிர்வையும் நிறுத்துகிறது. அந்தப் பின்னூட்டத்தைக் கீழ்ச்சுரங்களுக்கு மட்டும் தளர்த்தும் ரெசனன்ஸ் என்ற குமிழும் இதில் உண்டு. ப்ரீஆம்பில் கழித்த அடித்தளத்தைக் கடைசிக் கட்டத்தில் திருப்பித் தருவது அதுதான். ஏறத்தாழ அதே காலத்தில் மெசா பூகி வெளியிட்ட டூயல் ரெக்டிஃபையரில் வால்வு, சிலிக்கான் இரண்டு ரெக்டிஃபையர்களும் இருந்தன. தொய்வு வேண்டுமா, விறைப்பு வேண்டுமா என்பதை ஒரு சுவிட்ச் முடிவு செய்தது. 1990களின் கனத்த இசைக்குழுக்கள் பெரும்பாலும் விறைப்பையே தேர்ந்தன.

ஸ்பீக்கரும் இதே திசையில் நகர்ந்தது. ஏசி30இல் இருந்த நீலநிறச் செலஸ்டியன் 15 வாட் தாங்கும். மார்ஷலின் பழைய பெட்டிகளில் இருந்த கிரீன்பேக் 20, 25 வாட். ஆம்ப்ளிஃபயரை முழு உரப்பில் வைத்தால் அவற்றின் கூம்பே நெளிந்து தன் பங்குக்கு ஒலியைச் சிதைக்கும், உச்சச் சுரங்களின் கூர்மையைத் தேய்க்கும். 1986இல் செலஸ்டியன் வெளியிட்ட வின்டேஜ் 30 தாங்குவது 60 வாட். எனவே அதன் கூம்பு எளிதில் உடைவதில்லை. 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் சற்றுத் தூக்கலாக ஒலிப்பதால், டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் நிறைந்த கலவையிலும் கிட்டார் பிளந்து வெளியே வரும். நான்கு ஸ்பீக்கர் கொண்ட மெசா பெட்டிகளில் இது நிலையான இடம் பிடித்தது. எந்தக் கிட்டார் ஸ்பீக்கரும் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடுவது ஒரு கொடை. இல்லாவிட்டால் இவ்வளவு சிதைவைக் காது தாங்காது.

கிட்டாரும் மாறியது. 1990இல் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாயோடு சேர்ந்து ஐபனெஸ் நிறுவனம் வெளியிட்ட யூனிவர்ஸ் கிட்டாரில் ஏழு தந்திகள். ஏழாவதன் சுருதி 62 ஹெர்ட்ஸ். பின்னர் எட்டுத் தந்திக் கிட்டார்கள் 46 ஹெர்ட்ஸ்வரை இறங்கின. இவ்வளவு தாழ்ந்த சுருதியை 5150கூட இறுக்கமாகப் பிடிக்கத் திணறியது. அதற்கு மருந்தாகக் கிடைத்தது 1970களின் இறுதியில் ஐபனெஸ் வெளியிட்ட டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைநிறப் பெடல். மென்மையான ப்ளூஸ் டிஸ்டார்ஷனுக்காகப் பெயர்பெற்ற இதன் சுற்று 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை முழு அளவில் பெருக்குவதில்லை. டிரைவைச் சுழியமாகவும் லெவலை உச்சத்திலும் வைத்து ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் சேர்த்தால், கீழ்ச்சுரம் வடிகட்டப்பட்டு நடுச்சுரம் முந்திக்கொண்டு உள்ளே போகும். மார்ஷல் ஒரு மின்தேக்கியால் தொடங்கிய வேலையைப் பெடல் முடித்துவைத்தது. இவ்வளவு பெருக்கம் பிக்கப்பின் இரைச்சலையும் பெருக்கும் என்பதால், தந்தி ஓய்ந்த கணத்தில் வாயிலை அடைக்கும் நாய்ஸ் கேட் கருவியும் சங்கிலியில் சேர்ந்தது. அடிகளுக்கு நடுவே விழும் முழு மௌனம் இன்றைய மெட்டல் இசையில் தாளத்தின் ஒரு பகுதி. 1950களின் ஆம்ப்ளிஃபயரில் அத்தகைய மௌனம் கிடைக்காது.

புதிய ஓசை வால்வுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 முழுக்க டிரான்சிஸ்டரால் ஆனது. தொய்வே இல்லாத, கண்ணாடிபோல் தெளிந்த அதன் ஓசை மெட்டல் குழுக்களின் அமைதியான பகுதிகளுக்கும் உகந்ததாயிற்று. பாண்டெரா குழுவின் டைம்பேக் டேரெல், ராண்டல் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரையே தன் கனத்த ஓசைக்கு நம்பினார். அலை சட்டென்று வெட்டுப்படும் டிரான்சிஸ்டரின் இயல்பு, பழைய ஓசையைத் தேடியவர்களுக்குக் குறை. அவருக்கு அதுவே ஆயுதம்.

லைன் 6 நிறுவனத்தின் பாட் 1998இலும், ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 2006இலும், கெம்பர் ப்ரொஃபைலர் 2011இலும் வந்து, இந்தச் சுற்றுகளைக் கணினிக் கணக்காக மாற்றின. இவற்றில் 5150 வகை ஓசை முதலில் கைவந்தது. டீலக்ஸ் வகை வெகுகாலம் நழுவியது. காரணம் மேலே கண்ட வரிசையிலேயே இருக்கிறது. மாடர்ன் ஓசை என்பது வடிகட்டி, வெட்டு, மறுபடி வடிகட்டி என்று ஒரே திசையில் ஓடும் கணக்கு. பழைய ஆம்ப்ளிஃபயரிலோ மின்வழங்கி, பவர் வால்வு, டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் என எல்லாம் ஒன்றையொன்று கணத்துக்குக் கணம் பாதிக்கின்றன. சற்று முன் மீட்டிய சுரம் இப்போது மீட்டும் சுரத்தின் மின்னழுத்தத்தைக் குறைத்துவிட்டிருக்கும். அதைக் கணக்கில் கொண்டுவர ரெக்டிஃபையரின் தொய்வையும், மின்தேக்கி மீண்டும் நிரம்ப எடுக்கும் நேரத்தையும், பவர் வால்வின் நிலை மின்னழுத்தமான பயாஸையும் தனித்தனியே கணிக்க வேண்டியிருந்தது. பின்னாளைய கருவிகள் அவற்றை வாசிப்பவரே கூட்டிக் குறைக்கும் அமைப்புகளாகத் திரையில் தருகின்றன.